படத்தோடு பெயரும் செல்க: இணையத்தில் புகைப்படங்களைப் பாதுகாக்கும் முறைகள்

மைசூரு நகரிலுள்ள ஜகன்மோகன் அரண்மனை 1861ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. 1915இல் அது ஓவியக்கூடமாக மாற்றப்பெற்றது. பின்னர் ஸ்ரீ ஜயசாமராஜேந்திரரின் பெயரைத் தாங்கிய இக்கூடத்தின் தொகுப்பில் உலகறிந்த ஓவியம் ஒன்று உண்டு. ஒரு பெண் ஒரு கையில் விளக்கை ஏந்தி, மறு கையால் சுடரை மறைத்தவாறு நிற்கிறாள். விரல்களின் இடையே ஊடுருவும் ஒளி அவளுடைய முகத்திலும் சேலையிலும் படர்ந்துள்ளது. 'குளோ ஆஃப் ஹோப்', அதாவது 'நம்பிக்கையின் ஒளி', என்று வழங்கும் இவ்வோவியத்தைக் காணாதவர் அரியர். நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் கடைகளின் சுவர்களிலும் வந்த இப்படம், இந்நாளில் தீபாவளி தோறும் இணையத்தின் வழியே எண்ணற்ற கைப்பேசிகளைச் சென்றடைகிறது.

அவ்வாறு செல்லும்போது அதன் கீழ்ப் பெரும்பாலும் காணப்படும் பெயர் ராஜா ரவிவர்மா என்பதாகும். ஆனால், இவ்வோவியத்தைத் தீட்டியவர் ரவிவர்மா அல்லர். சாவந்த்வாடியில் 1882இல் பிறந்து 1968இல் காலமான எஸ். எல். ஹல்தங்கர் என்னும் ஓவியரே இதனைத் தம் மகளை மாதிரியாக நிறுத்தித் தீட்டியவர். இது எண்ணெய் வண்ண ஓவியம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இது நீர்வண்ணத்தால் ஆயது. ரவிவர்மா 1906இலேயே காலமாகிவிட்டார். அவருடைய ஓவியங்கள் பலவும் அதே அரண்மனைத் தொகுப்பில் இருப்பது இம்மயக்கத்திற்கு ஒரு காரணமாயிருக்கலாம். மற்றொரு காரணம், நகலுக்கு நகல் எடுக்கப்பெறுகையில் படம் மட்டும் பயணம் செய்ய, அதனை ஆக்கியவரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுவதாகும்.

புகழ்பெற்ற ஓவியத்திற்கே இக்கதி நேருமாயின், களப்பணியாளர் ஒருவர் வயலில் எடுத்த பூச்சியின் படத்திற்கும், ஆசிரியர் ஒருவர் மாணவருடன் சென்று எடுத்த நடுகல்லின் படத்திற்கும் நேரக்கூடியதைக் கூற வேண்டுவதில்லை. அறிவியல் நோக்கில் ஒரு புகைப்படத்தின் மதிப்பு, அதன் அழகில் மட்டும் அமைந்ததன்று. எவர் எடுத்தார், எங்கே எடுத்தார், எந்நாளில் எடுத்தார் என்னும் மூன்று விவரங்களும் சேர்ந்தாலன்றி அது சான்றாகாது. இம்மூன்றையும் இழந்த படம் வேறோர் ஊரின் பயிர் நோயாகவும் வேறோர் ஆண்டின் வெள்ளமாகவும் காட்டப்படலாம். ஆகவே, அனுமதியின்றி நகலெடுப்பதைத் தடுத்தல் என்பது, எடுத்தவரின் உரிமையைக் காப்பது மட்டுமன்று. செய்தியின் உண்மையைக் காப்பதுமாகும்.

படம் எண்களாதல்

புகைப்படம் எவ்வாறு நகலாகிறது என்பதை அறிய, முதலில் அது கருவியில் எவ்வாறு தங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். பழைய காமிராவில் ஒளி, வெள்ளி உப்புப் பூசிய படலத்தின்மேல் விழுந்து இரசாயன மாறுதலை உண்டாக்கியது. மூலப் படலம் ஒன்றே. அதனை உடையவரே படத்திற்கு உரியவர் என்று காட்டுவது எளிதாயிருந்தது. மேலும், நகலுக்கு நகல் எடுக்குந்தோறும் தெளிவு குறைந்தது.

கைப்பேசியிலோ படலம் இல்லை. ஒளியை உணரும் நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்று கொண்டால், ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளால் குறிக்கப்பெறுகிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகும். எனவே ஒரு புகைப்படம் என்பது 3 கோடியே 60 லட்சம் எண்களின் பட்டியலேயாம்.

இத்துணைப் பெரிய பட்டியலைத் தந்தி வேகத்தில் அனுப்புதல் அரிது. ஆதலின் 1992இல் வகுக்கப்பெற்ற 'ஜேபெக்' முறைப்படி அது சுருக்கப்படுகிறது. படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளி வேறுபாடுகளும் விரைந்து மாறும் நுண்வேறுபாடுகளும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்வேறுபாடுகள் தள்ளப்பெறுகின்றன. இந்தச் சுருக்கம் பின்னர்க் கூறப்படும் பாதுகாப்பு முறைகளின் வலிமைக்கும் மெலிவுக்கும் காரணமாகும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

எண்களின் பட்டியலை நகலெடுத்தால் மூலத்திற்கும் நகலுக்கும் அணுவளவும் வேற்றுமை இராது. மூலப் படலத்தைப் போன்ற சான்று இங்கு இயல்பாக இல்லை. அதனை முயன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

தடுத்தல் இயலுமா?

இணையத்தில் வைத்த படத்தை எவரும் நகலெடுக்காதபடி பூட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். இஃது இயலாது. ஒருவருடைய திரையில் படம் தோன்றுகிறது என்றால், அதன் எண்கள் யாவும் முன்னரே அவருடைய கருவிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பதே பொருள். பார்த்தல் வேறு, நகலெடுத்தல் வேறு என்னும் பாகுபாடு இங்கு இல்லை. சுட்டியின் வலப் பொத்தானைச் செயலிழக்கச் செய்தல், படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு படத்தைப் போர்த்துதல் முதலிய உபாயங்கள், தாழ்ப்பாள் இல்லாத கதவைச் சாத்தி வைப்பதற்கு ஒப்பானவை. திரையில் தோன்றுவதை அப்படியே பதிவு செய்துகொள்ளும் வசதி எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ளது.

ஆயினும், நகலின் பயனைக் குறைத்தல் இயலும். அச்சிடுவதற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை என்று கொள்வது வழக்கம். 4000 புள்ளி அகலமுள்ள மூலப் படத்தை 13 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலத்தில் செம்மையாக அச்சிடலாம். அதனையே 1200 புள்ளிகளாகக் குறைத்து இணையத்தில் வெளியிட்டால், திரையில் அது தெளிவாகவே தோன்றும். ஆனால் 4 அங்குலத்திற்கு மேல் அச்சிட்டால் தெளிவு குன்றத் தொடங்கும். முழு அளவுள்ள மூலத்தைத் தம்மிடம் வைத்திருப்பவரே படத்தை எடுத்தவர் என்பதற்கு இது வலுவான சான்றுமாகும். ஆகவே, மூலத்தை வைத்துக்கொண்டு சிறிய படியை வெளியிடுதல் யாவரும் கைக்கொள்ளத்தக்க முதல் விதியாம்.

படத்தோடு பிணைந்த குறிப்புகள்

இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறையின் கல்வெட்டுப் பிரிவு, உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருவுக்கு மாற்றப்பெற்றது. கல்லின்மேல் நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் பதிந்தபின் மை ஒற்றி எடுக்கப்பெறும் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் அங்குத் தொகுக்கப்பெற்றன. ஒவ்வொரு படிக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு ஆண்டறிக்கையைப் புரட்டினால், கல்வெட்டு எவ்வூரில், எக்கோயிலில், எச்சுவரில் உள்ளது என்பது விளங்கும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தாள் எந்நகரில் இருப்பினும் எண் உடனிருக்கும் வரை அதன் பிறப்பிடம் மறையாது. எண்ணை இழந்த மைப்படியோ வெறும் கறுப்புத் தாளாகும்.

புகைப்படத்திற்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஜப்பானியத் தொழில் அமைப்பு ஒன்று 1995இல் வகுத்த 'எக்ஸிஃப்' என்னும் முறைப்படி, காமிராவின் பெயர், படம் எடுத்த நாள், நேரம், ஒளிபுகு நேரம் ஆகியவை படக் கோப்பினுள்ளேயே எழுதப்பெறுகின்றன. இட அறியும் வசதி இயங்கினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும். செய்தி நிறுவனங்கள் கையாளும் 'ஐ.பி.டி.சி.' என்னும் மற்றொரு முறைப்படி, எடுத்தவர் பெயர், உரிமை அறிவிப்பு, விளக்கம் ஆகியவற்றையும் சேர்க்கலாம். இவற்றைத் தமிழிலேயே எழுதவும் தடையில்லை.

இம்முறைக்கு இரு குறைகள் உள்ளன. முதலாவது, சமூக ஊடகத் தளங்கள் பலவும் படத்தை ஏற்கும்போது மீண்டும் சுருக்கி, இக்குறிப்புகளை நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் குறிப்புகள் கழிந்துவிடும். அதனையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் நிலைத்திருக்கும். அலுவலகங்களுக்குக் களப் படங்களை அனுப்புவோர் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் நலம்.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. குறிப்பு நீங்காமல் நிலைத்திருப்பதாலும் தீங்கு நேரும். மைசூருவை அடுத்துள்ள நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளிலோ ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்திலோ எடுத்த அரிய உயிரினத்தின் படம், அதன் கூடு இருக்கும் இடத்தையும் உடன் அறிவித்தல் கூடும். வேட்டையாடுவோருக்கு அது வழிகாட்டியாகிவிடும். 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற உயிரினப் பதிவுத் தளங்கள், அழிவை எதிர்நோக்கும் இனங்களின் சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் தாமாகவே மங்கச் செய்கின்றன. பள்ளிச் சிறார்களின் படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எனவே வெளியிடும் படியில் பெயரும் உரிமையும் இருக்கட்டும். இடக்குறிப்பு மூலத்தில் மட்டும் இருக்கட்டும்.

மைசூருவின் நீர்க்குறியும் கணிப்பொறியின் நீர்க்குறியும்

நாணயத்தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் காந்தியடிகளின் உருவம் தோன்றுவதை அனைவரும் அறிவர். நீர்க்குறி எனப்படும் இது தாளின்மேல் அச்சிடப்பட்டதன்று. கூழ் நிலையிலிருந்து தாள் உருவாகும்போதே அதன் கனம் சில இடங்களில் கூட்டப்பெற்றும் சில இடங்களில் குறைக்கப்பெற்றும் உண்டாவது. இத்தகைய தாள் உற்பத்தியில் நாடு தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் பொருட்டு 2010இல் நிறுவப்பெற்ற நாணயத்தாள் ஆலை மைசூருவிலேயே அமைந்துள்ளது. ரிசர்வ் வங்கியைச் சார்ந்த நாணய அச்சகமும் அங்கு உண்டு. குறி மேற்பரப்பில் இல்லாமல் தாளின் நார்களிலேயே கலந்திருப்பதால், தாளைச் சிதைக்காமல் குறியை அகற்றுதல் இயலாது. இக்கருத்தே கணிப்பொறி நீர்க்குறிக்கும் அடிப்படையாகும்.

புகைப்படத்தின் மூலையில் பெயரை எழுதுவது கண்ணுக்குப் புலப்படும் குறியாகும். இதனை எளிதில் வெட்டியெறியலாம். படத்தின் நடுவே மங்கலாக எழுதினால் வெட்டுதல் அரிது. ஆயினும் முற்றிலும் பாதுகாப்பன்று. ஒரே குறியை ஒரே வடிவில் பல படங்களில் பதித்தால், அப்படங்களை ஒப்பிட்டுக் குறியை மட்டும் பிரித்து நீக்கக் கணிப்பொறியால் இயலும் என்பதைக் கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர் 2017இல் எடுத்துக்காட்டினர். படத்திற்குப் படம் குறியின் வடிவத்தைச் சற்றே வளைத்து மாற்றினால் நீக்கும் பணி கடினமாகிறது என்றும் அவர்களே கண்டனர். அதன் பின்னர்ச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெரிதும் முன்னேறியுள்ளன. ஆகவே கண்ணுறு குறியைப் பூட்டாகக் கருதாமல், உரியவர் பெயரை அறிவிக்கும் பலகையாகக் கருதுவதே பொருந்தும்.

கண்ணுக்குப் புலப்படாத குறியும் உண்டு. ஒரு புள்ளியின் சிவப்பு அளவு 200 என்பதை 201 ஆக்கினால் எவரும் அறியார். இவ்வாறு கடைசி இலக்கங்களைச் சிறிது மாற்றிப் பெயரையோ எண்ணையோ மறைத்து வைக்கலாம். ஆனால் இம்முறை மெலிந்தது. முன்னர்க் கூறிய ஜேபெக் சுருக்கம், புலப்படாத நுண்வேறுபாடுகளையே முதலில் தள்ளுவதாகையால், மறைத்து வைத்த குறியும் உடன் அழிந்துபோகும்.

1997இல் இங்கெமார் காக்ஸும் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு எதிரான வழியை வெளியிட்டனர். குறியைப் படத்தின் முக்கியமற்ற பகுதிகளில் ஒளிப்பதை விடுத்து, படத்தின் தோற்றத்திற்கே இன்றியமையாத அலைக்கூறுகளில் மிகச் சிறிய அளவாகப் பரப்பி வைப்பது அவ்வழி. குறியை அழிக்க முயல்வோர் அக்கூறுகளைச் சிதைக்க வேண்டும். சிதைத்தால் படமே கெட்டு, திருடியதால் பயனில்லாது போகும். நாணயத்தாளின் நாரில் கலந்த குறிக்கு இது முற்றிலும் ஒப்பாகும். செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பெறும் படங்களை இனங்காணக் கூகுள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'சிந்த்ஐடி' முறையும் புலப்படாக் குறியின் வகையைச் சேர்ந்ததே. எனினும், எத்தகைய குறியும் எல்லாத் தாக்குதலையும் தாங்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை.

படத்தின் கைரேகை

குறி எதுவும் பதிக்காமலே படத்தை அடையாளங்காணும் முறையும் ஒன்று உண்டு. மனிதனின் கைரேகை அவன் அணிந்துகொண்டதன்று. இயல்பாகவே அவனிடம் உள்ளது. அதுபோல் ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு சுருக்க எண்ணைப் பெறலாம்.

எளிய முறை ஒன்று வருமாறு: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9, உயரம் 8 புள்ளிகளாகச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் அடுத்தடுத்த இரு புள்ளிகளை ஒப்பிட்டு, இடப்புள்ளி வலப்புள்ளியைவிட ஒளி மிக்கதாயின் 1 எனவும், அன்றேல் 0 எனவும் குறிக்க வேண்டும். வரிசைக்கு 8 ஒப்பீடுகளாக 8 வரிசைகளுக்கு 64 இலக்கங்கள் கிடைக்கும். படத்தைச் சிறிதாக்கினாலும், நிறத்தைச் சற்று மாற்றினாலும் இவ்விலக்கங்களில் மிகச் சிலவே மாறும். எனவே இரு படங்களின் 64 இலக்கங்களையும் ஒப்பிட்டு, வேறுபடுவன சிலவே எனின், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கருதலாம். மேல்வகுப்பு மாணவர்கள் சதுரக் கோட்டுத் தாளில் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்; ஈரெண் முறையைக் கற்பிக்க இஃது ஓர் இனிய பயிற்சியாகும்.

படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதியும் இவ்வகை ஒப்பீட்டின் விரிவே. 'டின்ஐ' என்னும் தளம் 2008 முதலும், கூகுள் 2011 முதலும் இவ்வசதியை அளித்து வருகின்றன. தம் படம் எங்கெங்கு எடுத்தாளப்பட்டுள்ளது என்பதை அறிவதற்கு மட்டுமன்றி, தமக்கு வந்த படம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை அறிவதற்கும் இது உதவும். ஹல்தங்கரின் ஓவியத்தை இவ்வாறு தேடுவோர், தவறான பெயர் எத்துணைப் பரவியுள்ளது என்பதையும் கண்கூடாகக் காண்பர்.

இதற்கு நேர்மாறான தன்மையுடைய மற்றொரு சுருக்க எண்ணும் உண்டு. 'எஸ்.எச்.ஏ. 256' என்னும் முறையில் கோப்பின் ஓர் இலக்கம் மாறினாலும் சுருக்க எண் முழுவதும் மாறிவிடும். இரண்டு கோப்புகள் ஒன்றேயா என்பதை ஐயமற அறிய இது பயன்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சிய அதிநியமம், மின்னணுப் பதிவைச் சான்றாக அளிப்போர் இணைக்க வேண்டிய சான்றிதழில் இத்தகைய சுருக்க எண்ணைக் குறிக்க இடம் வகுத்துள்ளது. பயிர்ச்சேதம், வனக்குற்றம் போன்றவற்றைப் படமெடுக்கும் பணியாளருக்கு இது மிகவும் வேண்டற்பாலது.

பிறப்புச் சான்று

படத்தின் வரலாற்றைப் படத்தோடே பிணைக்கும் பொது முறையொன்றை வகுக்க, அடோபி, மைக்ரோசாஃப்ட், இன்டெல், பி.பி.சி. முதலிய நிறுவனங்கள் 2021இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. இம்முறைப்படி படம் எடுத்த கருவி, பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்கள் ஆகியவை மின்னணுக் கையொப்பத்துடன் கோப்பில் பதிவாகின்றன. இடையில் எவரேனும் படத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. இவ்வசதியுடன் கூடிய முதல் காமிராவை லைக்கா நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்டது. இதுவும் நகலெடுப்பதைத் தடுப்பதில்லை. பதிவை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பரப்புதல் இயலும். ஆனால் பதிவு உள்ள படத்திற்கும் இல்லாத படத்திற்கும் உள்ள வேற்றுமையைக் காண்போர் அறிய இது வழி செய்கிறது.

செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைப் பயிற்றுவதற்காக இணையப் படங்கள் கோடிக்கணக்கில் திரட்டப்படுவது அண்மைக் காலத்துச் சிக்கலாகும். சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2023இல் வெளியிட்ட 'கிளேஸ்' என்னும் நிரல், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத மாறுதல்களைப் படத்தில் செய்து, ஓர் ஓவியரின் பாணியை இயந்திரம் சரியாகக் கற்றுக்கொள்ளாதபடி குழப்புகிறது. அதனை முறியடிக்கும் வழிகளையும் வேறு ஆராய்ச்சியாளர் கண்டு வருகின்றனர். பூட்டுக்கும் கள்ளச்சாவிக்கும் உள்ள போட்டி இத்துறையிலும் நீடிக்கிறது.

சட்டம் கூறுவது

விஞ்ஞான முறைகள் முடியுமிடத்தில் சட்டம் தொடங்குகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்றது. இதன்படி புகைப்படம் ஒரு கலைப்படைப்பாகும். அதனை எடுத்தவர் அதன் ஆசிரியராவார். உரிமை, படம் எடுத்த கணத்திலேயே பிறக்கிறது. பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர்ப் புகைப்படத்திற்கும் பிற கலைப்படைப்புகளைப் போன்றே ஆசிரியரின் ஆயுட்காலமும், அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

களப்பணியாளர் இங்கு ஒன்றை அறிய வேண்டும். அரசாங்கப் பணியின் பகுதியாக எடுக்கப்பெறும் படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், அரசாங்கமே முதல் உரிமையாளராகும். பணிக்கு வெளியே தம் சொந்த ஆர்வத்தால் எடுக்கும் படம் எடுத்தவருக்கே உரியது. அரசாங்கத்திற்கு உரிய படத்தைத் தம்முடையதாக விற்பதோ, தனிப்பட்ட தளத்தில் விருப்பம்போல் வெளியிடுவதோ பொருந்தாது. எனினும், படைப்பின் உரிமை பிறரிடம் சென்ற பின்னும், அதனை ஆக்கியவர் தாமே என்று கூறிக்கொள்ளும் தனி உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கு அளித்துள்ளது.

ஆசிரியர்களுக்குச் சட்டம் சலுகை காட்டுகிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தல் 52ஆம் பிரிவின்படி உரிமை மீறலாகாது. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகப் பாடத்திற்காக நூற்பகுதிகளை நகலெடுத்தல் பற்றிய வழக்கில் இச்சலுகைக்கு விரிந்த பொருளே கூறியது. ஆனால் வகுப்பறையில் காட்டுவது வேறு. அதே படத்தைப் பள்ளியின் இணையதளத்தில் உலகறிய வெளியிடுவது வேறு. பின்னதற்கு உரியவரின் இசைவு தேவை.

கட்டடத்தையும், பொது இடத்தில் நிலையாக வைக்கப்பெற்ற சிற்பத்தையும் படமெடுத்து வெளியிடுதல் குற்றமன்று. மைசூரு அரண்மனையின் தோற்றத்தை எவரும் வெளியிடலாம். ஓவியத்திற்கோ இச்சலுகை இல்லை. ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்கு அதன் பதிப்புரிமையும் தானாகவே சேர்ந்துவிடாது என்பதும் கருதத்தக்கது.

அனுமதியின்றி வெளியான படத்தைக் கண்டவர், அதனைத் தாங்கி நிற்கும் தளத்திற்கு எழுத்து மூலம் முறையிடலாம். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீடு உரியவாறு அமைந்திருப்பின் தளத்தினர் 36 மணி நேரத்திற்குள் அப்படத்தை மறைத்தல் வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு பெற்று அளிக்கப்படாவிடில் அவர்கள் அதனை மீண்டும் வெளியிடலாம். அறிந்தே உரிமை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உரிமைக் குறிப்புகளைப் படத்திலிருந்து தெரிந்தே, அதிகாரமின்றி நீக்குதலும் 2012 முதல் தனிக் குற்றமாகும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து களப்பணியாளரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க சில வழிகள் பெறப்படுகின்றன. மூலக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் சேமித்து வைத்தல் வேண்டும். நாள், ஊர், பொருள், எடுத்தவர் ஆகிய விவரங்களை ஒரு பதிவேட்டில் வரிசை எண்ணுடன் எழுதி, அவ்வெண்ணையே கோப்பின் பெயராக இடுதல் நலம். வெளியிடும் படியைச் சிறிதாக்கி, அதன் ஓரத்தில் பெயரைப் பொறித்து, இடக்குறிப்பை நீக்க வேண்டும். முகம் தெரியும் படத்திற்கு உழவரின் இசைவையும், சிறுவர் படத்திற்குப் பெற்றோரின் இசைவையும் முன்னரே பெற வேண்டும். முக்கியமான படங்களை ஆண்டிற்கு ஓரிரு முறை படவழித் தேடலால் தேடிப் பார்க்கலாம். நகல் கண்டால், அழிக்குமாறு கேட்பதற்கு முன் அப்பக்கத்தின் தோற்றத்தையும் நாளையும் பதிவு செய்துகொள்வது இன்றியமையாதது.

எல்லா நகலும் தீங்கன்று என்பதையும் மறத்தலாகாது. பயிர் நோயின் படம் பரவினாலன்றி உழவர் விழிப்படையார். அத்தகைய படங்களுக்குப் 'பெயரைக் கூறி எவரும் பயன்படுத்தலாம்' என்னும் அனுமதியை எடுத்தவரே முன்கூட்டி அளிக்கலாம். 2002இல் வெளியிடப்பெற்ற 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் இதற்கெனவே அமைந்தவை. அலுவல் படங்களுக்கு இவ்வுரிமத்தை அளிக்கும் அதிகாரம் அலுவலகத்தைச் சேர்ந்தது.

ஹல்தங்கர் 1968இல் காலமானார். சட்டப்படி 60 ஆண்டுகள் அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பெறுவதால், அவருடைய படைப்புகளின் பதிப்புரிமை 2028 டிசம்பர் 31 வரை நீடிக்கிறது. அதன்பின் விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தை எவரும் தடையின்றி அச்சிடலாம். ஆயினும் அதனைத் தீட்டியவர் எவர் என்னும் உண்மைக்குக் கால எல்லை இல்லை. வருகின்ற தீபாவளியில் அப்படம் வகுப்பறைக்கு வந்து சேருமாயின், அதன் கீழே ஹல்தங்கரின் பெயரை எழுதச் செய்து, ஏன் எழுதவேண்டும் என்பதையும் மாணவருக்கு விளக்குதல், இப்பாடத்தைக் கற்பிக்க ஆசிரியருக்குக் கிடைத்த மிக எளிய வாய்ப்பாகும்.